கேட்டலென்னும் விருந்தோம்பல்: தில்லைத் திருச்சித்ரகூடம் முதல் வீரநாராயணபுரம் வரை

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

குலசேகரப் பெருமாள் அருளிச்செய்த பெருமாள் திருமொழியின் பத்தாம் திருமொழி, தில்லை நகர்த் திருச்சித்ரகூடத்தில் பள்ளிகொண்டருளும் எம்பெருமானை ஸ்ரீராமனாகவே அநுபவிக்கிறது. சக்ரவர்த்தித் திருமகனின் அவதாரம் தொடங்கித் தன்னடிச்சோதிக்கு எழுந்தருளியது ஈறாக, ஸ்ரீராமாயணம் முழுவதும் பதினொரு பாசுரங்களில் அடங்கிவிடுகிறது. அவற்றுள் எட்டாம் பாசுரம் இப்பாடத்திற்கு விஷயம்.

இதை எடுத்துக்கொண்டதற்கு அடியேனிடம் நேர்ந்த ஓர் அபசாரமே காரணம். சென்ற ஆண்டு இணையவழியில் நடந்த திவ்யப்ரபந்த சந்தையில், அயல்நாட்டில் பிறந்து வளர்ந்து, தமிழை எழுத்துக்கூட்டியே வாசிக்கும் ஓர் இளைஞர் சேர்ந்திருந்தார். இப்பாசுரத்தைச் சொல்லி முடித்தபோது, பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாக அவர் கேட்டார்: "பாடினவர்கள் தம்முடைய பிள்ளைகள் என்று பெருமாளுக்கு அப்போது தெரியுமா, ஸ்வாமி?" எம்பெருமானின் ஸர்வஜ்ஞத்வத்தில் அவருக்கு ஐயம் வந்துவிட்டதென்று அடியேன் எண்ணினேன். அவதார காலத்தில் பரத்வத்தை மறைத்துக்கொள்ளும் முறையைப் பற்றி இருபது நிமிஷங்கள் பேசினேன். ப்ரமாணங்களும் சொன்னேன். அவர் "ஸரி, ஸ்வாமி" என்றார். அடுத்த மூன்று வாரங்கள் அவர் வரவில்லை.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது பிறகு வேறொரு பாகவதர் வாயிலாகத் தெரிந்தது. அதைக் கடைசியில் விண்ணப்பிக்கிறேன். முதலில் பாசுரத்துக்கு வருவோம்.

எட்டாம் பாசுரத்தில் யுத்தம் இல்லை. பெருமாள் திருவயோத்யை அடைந்து முடிசூடியாயிற்று. அதன்பின் அவர் செய்ததாக ஆழ்வார் எடுத்துரைக்கும் செயல்கள் இரண்டே. இரண்டும் கேட்டல். அகஸ்த்ய முனிவர் சொல்ல, தம்மால் மாண்ட இராவணனுடைய பழங்கதையைக் கேட்டார். பிறகு மைதிலியின் திருவயிற்றில் பிறந்த மக்கள் பாட, தம்முடைய கதையையே கேட்டார். இவ்வாறு கேட்டருளினவனே தில்லையில் கிடக்கிறான் என்று சொல்லி, அவன் சரிதத்தைக் காதாலும் கண்ணாலும் பருகுவோம், அதன்முன் அமுதமும் ஒரு பொருளன்று என்று ஆழ்வார் முடிக்கிறார். கேட்டவனுடைய கதையைக் கேட்பதே நமக்கு உணவாகிறது.

இவ்விரண்டு கேட்டல்களையும் சற்று நின்று பார்க்கவேண்டும். முதலாவது, பகைவனின் கதை. வென்றவன் தோற்றவனுடைய பிறப்பையும் தவத்தையும் வரபலத்தையும் குலத்தையும் பொறுமையாகக் கேட்கவேண்டிய அவசியம் என்ன? போர் முடிந்துவிட்டது. தெரிந்துகொண்டு ஆகவேண்டிய காரியம் ஒன்றுமில்லை. ஆயினும் ஸ்ரீராமாயணத்தின் உத்தரகாண்டத்தில் இராக்ஷஸ குலத்தின் வரலாறு ஸர்க்கம் ஸர்க்கமாக விரிகிறது. அகஸ்த்யர் சொல்லிக்கொண்டே போகப் பெருமாள் மேலும் மேலும் வினவுகிறார். நாம் ஒருவரை வாதத்தில் வென்றபின் அவர் கதையைக் கேட்பதுண்டா? வெல்வதற்கு முன்பும் கேட்பதில்லை என்பதே உண்மை.

இரண்டாவது கேட்டல் இன்னும் நுட்பமானது. பாலகாண்டத்தின் நான்காம் ஸர்க்கத்தில், வீதிகளில் பாடித் திரிந்த இரு முனிகுமாரர்களைப் பெருமாள் கண்டு, தம் திருமாளிகைக்கு அழைத்து வந்து பூஜிக்கிறார். பின்பு பொன்னாஸனத்தில் அமர்ந்து, தம்பிமாரையும் கேட்கச் சொல்கிறார். ஸர்க்கத்தின் முடிவில் வால்மீகி பகவான் ஒரு சிறிய செய்தியை வைக்கிறார்: பாட்டு நடந்துகொண்டிருக்கையிலேயே பெருமாளும் மெல்ல மெல்ல அந்த ஸபையினரில் ஒருவரானார். ஸிம்ஹாஸனத்தில் இருந்தபடி கேட்டால் ரஸம் குறைகிறது. சட்டென்று எழுந்தால் பாடுகிறவர்கள் நிறுத்திவிடுவார்கள். ஆகையால் ஒருவரும் அறியாதபடி சிறிது சிறிதாக இறங்கிக் கேட்போர் நடுவே வந்து அமர்ந்தார் என்று பெரியோர் இதை விரிப்பர்.

அதிதிக்குச் செய்யும் உபசாரங்களில் ஆஸனம் அளிப்பது முக்யமானது. இங்கே அது தலைகீழாகிறது. விருந்தளிப்பவன் தன் ஆஸனத்தை விட்டு இறங்குகிறான். வந்தவர்களோ மரவுரி உடுத்த வனவாஸிகள். அவர்களுக்கும் அரண்மனைக்கும் நடை உடை பாவனை ஒன்றிலும் பொருத்தமில்லை. உத்தரகாண்டத்தில் பெருமாள் அவர்களுக்குப் பதினெண்ணாயிரம் பொன் கொடுக்கச் சொல்கிறார். கிழங்கும் கனியும் உண்டு காட்டில் வாழ்பவர்களுக்குப் பொன் எதற்கு என்று அவர்கள் மறுக்கிறார்கள். பெருமாள் அதற்காகச் சினக்கவில்லை, வற்புறுத்தவுமில்லை. வியந்து, இரண்டே கேள்விகள் கேட்கிறார்: இந்தக் காவ்யம் எவ்வளவு பெரியது? இதைச் செய்த முனிவர் யார்? இருபத்துநாலாயிரம் ச்லோகம், வால்மீகி செய்தது என்று பிள்ளைகள் விடை சொல்கிறார்கள்.

தமிழில் கேட்டல் என்னும் சொல் செவியால் ஏற்பதையும் குறிக்கும், வினவுவதையும் குறிக்கும். பெருமாள் இரண்டு விதத்திலும் கேட்டார். செவியால் முழுமையாகக் கேட்ட பிறகே வாயால் கேட்டார் என்னும் வரிசையைக் கவனிக்கவேண்டும். பொன் வேண்டுமா என்பது வந்தவர்களுடைய தேவையைத் தாமே ஊகித்துக் கொடுக்க முற்பட்டது. எவ்வளவு, யாருடையது என்று வினவியது அவர்கள் கொண்டுவந்ததை ஏற்றது. பிள்ளைகள் ஏற்காமல் விட்டது முன்னதை. விடை சொன்னது பின்னதற்கு.

இதைப் பாடிய ஆழ்வாரும் கேட்டலில் கரைந்தவர். மலைநாட்டு அரசர். கர தூஷணர்களின் பதினாலாயிரம் பேரைப் பெருமாள் தனியே எதிர்கொண்டார் என்று உபந்யாஸத்தில் கேட்டமாத்ரத்தில், துணைசெல்லத் தம் சேனையைத் திரட்டிப் புறப்பட்டவர் என்பது ப்ரஸித்தம். கதை என்று கேட்கத் தெரியாதவர் என்று அவரை இகழ்வாரும் உண்டு. அடியேனுக்கு அப்படித் தோன்றவில்லை.

தில்லையை ஸேவிக்கச் சென்றவர்கள் அறிவார்கள்: கோவிந்தராஜன் ஸந்நிதியும் நடராஜர் ஸந்நிதியும் ஓரிடத்தில் நின்று இரண்டையும் காணும்படி அமைந்தவை. அச்யுததேவராயர் காலத்தில் 1539-இல் இங்கே பெருமாளுக்கு மீண்டும் ப்ரதிஷ்டை நடந்தது. அதற்கு முன்னும் பின்னும் இவ்விரு ஸமயத்தாரிடையே மனஸ்தாபங்களும் வழக்குகளும் உண்டாயின. அவற்றை இங்கே எடுத்துப் பேசப் போவதில்லை. ஆனால் தில்லையிலிருந்து காட்டுமன்னார்கோயிலுக்குச் செல்லும் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வழியில் ஒன்றை நினைக்காமல் போகமுடியாது. அந்த வழியிலுள்ள திருநாரையூரில் பிறந்தவர் நம்பியாண்டார் நம்பி. தில்லையில் பூட்டிய அறையில் இருந்த ஓலைகளிலிருந்து மூவர் தேவாரத்தை வெளிக்கொணர்ந்தவர் அவர் என்று சைவர்கள் போற்றுகிறார்கள். அப்பதிகங்களுக்குப் பண் தெரியாதபோது, திருஎருக்கத்தம்புலியூரில் பாணர் மரபில் வந்த ஒரு பெண்பிள்ளையே அவற்றை அமைத்துத் தந்தாள் என்பதும் அவர்கள் ஸம்ப்ரதாயம். அவர்களுக்குக் கரையான் அரித்த ஓலையிலிருந்து கிடைத்தது. நமக்கோ, அதே வட்டாரத்தில், வழிப்போக்கர் வாயிலிருந்து கிடைத்தது.

காட்டுமன்னார்கோயிலே வீரநாராயணபுரம். பராந்தக சோழனுடைய விருதுப்பெயரைத் தாங்கிய ஊர். பக்கத்திலுள்ள வீராணம் ஏரிக்கும் அதே பெயர்தான். அங்கு அவதரித்தவர் நம் ஸம்ப்ரதாயத்தின் முதலாசார்யரான ஸ்ரீமந்நாதமுனிகள். அவர் குடும்பத்துடன் வடநாட்டு யாத்ரை சென்று, யமுனைக்கரையிலே கோவர்த்தனபுரத்தில் நெடுநாள் கைங்கர்யம் செய்து வாழ்ந்தவர். மன்னனார் ஸ்வப்னத்தில் அழைக்கவே திரும்பினார் என்பது குருபரம்பரை. இச்செய்தியைப் பலரும் விரைந்து கடந்துவிடுகிறார்கள். அடியேன் இதைப் பெரிதாக நினைக்கிறேன். பாஷையும் ஆஹாரமும் வேறான ஒரு நாட்டில் தாமே அதிதியாக இருந்து பார்த்தவர் அவர். பேரனுக்கு யமுனைத்துறைவன் என்று பெயரிடச் சொன்னவர் அந்த விருந்தை மறந்திருக்க மாட்டார்.

அப்படிப்பட்டவர் மன்னனார் ஸந்நிதியில் இருக்கும்போது, மேல்நாட்டிலிருந்து சில ஸ்ரீவைஷ்ணவர்கள் வந்து, திருக்குடந்தை எம்பெருமான் விஷயமான 'ஆராவமுதே' என்று தொடங்கும் திருவாய்மொழியை அநுஸந்தித்தார்கள். பெயர் தெரியாத யாத்ரிகர்கள். நாதமுனிகளோ வேதவேதாந்தத்திலும் யோகத்திலும் கரைகண்டவர். இசையில் அவருக்கிருந்த செவியைப் பற்றி குருபரம்பரை ஒரு வ்ருத்தாந்தம் சொல்லும்: நாலாயிரம் தாளங்களை ஒருசேரத் தட்டச்செய்தபோது ஒவ்வொன்றின் எடையையும் ஓசையைக்கொண்டே சொன்னாராம். அந்தச் செவிக்கு அன்று கேட்டவை பதினொரு பாசுரங்கள். கடைசிப் பாசுரத்தில் குருகூர்ச் சடகோபன் என்று பாடியவர் பெயர் இருந்தது. ஆயிரத்தில் இவை பத்து என்ற அளவும் இருந்தது. எவ்வளவு, யாருடையது என்று பெருமாள் கேட்ட கேள்விகள் இரண்டுக்கும் இங்கே பாட்டே விடை கொடுத்துவிட்டது. எஞ்சியது ஒரே கேள்வி: ஆயிரமும் உங்களுக்கு வருமா?

வராது, இவ்வளவே வரும் என்றார்கள் அவர்கள். இந்த விடையிலும் ஒரு கௌரவம் உண்டு. தெரிந்தமட்டும் பாடினார்கள், தெரியாததைத் தெரியாது என்றார்கள். நாதமுனிகளும், ஆயிரமும் தெரியாமல் பத்தை மட்டும் பாடலாமா என்று அவர்களைக் கண்டிக்கவில்லை. இன்று நம் கோஷ்டிகளில், ஸந்தியைப் பிரித்துச் சொன்னதற்காகவும், ழகரம் நழுவியதற்காகவும், எங்கிருந்தோ வந்த ஒருவரை நடுப்பாட்டில் நிறுத்தித் திருத்துகிறோம். வீரநாராயணபுரத்தில் அன்று யாரேனும் அப்படி நிறுத்தியிருந்தால், கடைசிப் பாசுரம் வரை பாட்டு போயிருக்காது. ஆயிரம் என்ற சொல் நாதமுனிகள் செவியில் விழுந்திருக்காது.

பிறகு நடந்தது யாவரும் அறிந்தது. திருக்குடந்தையில் விசாரித்து, அங்கும் கிடையாமல், திருக்குருகூர் சென்று, மதுரகவிகள் வழியில் வந்த பராங்குசதாஸரைக் கண்டார். திருவாய்மொழி வெகுகாலமாக வழக்கொழிந்துபோயிற்று, கண்ணிநுண்சிறுத்தாம்பு மட்டுமே இருக்கிறது, அதைப் பன்னீராயிரம் உரு ஜபித்தால் ஆழ்வார் ப்ரஸந்நராவார் என்று அவர் சொன்னார். பதினொரு பாசுரம் பன்னீராயிரம் முறை என்றால் 1,32,000 பாசுரம். புளியமரத்தடியில் அவ்வளவும் சொன்ன பிறகே ஆழ்வார் பேசினார், அவர் கேட்டார். நாலாயிரமும் நம் கைக்கு வந்தது.

இனி இதே வம்சத்தில் நேர்ந்த, சற்று நெருடலான ஒரு வ்ருத்தாந்தம். நாதமுனிகளின் சிஷ்யர்களில் ஒருவர் திருவெள்ளறையில் அவதரித்த புண்டரீகாக்ஷர். ஆசார்யர் தம் தேவிகளான அரவிந்தப்பாவையாரை அவருடைய தகப்பனார் வங்கிபுரத்தாச்சியின் திருமாளிகைக்கு அழைத்துச்செல்லும்படி இவரை நியமித்தார். இவர் முன்குடுமிச் சோழியர். அந்தக் குலபேதத்தைக் கருதி, அவ்வீட்டார் இவரைத் தனியே வைத்துப் பழைய சோற்றை இட்டார்கள். நம் பெரியோர் வீட்டில் இப்படியும் நடக்குமா என்று சிலர் இதை மென்மையாக்கிச் சொல்வதுண்டு. மறைக்கவேண்டிய அவசியம் ஏதுமில்லை, குருபரம்பரையே மறைக்கவில்லை. அந்தஸ்தை அளந்து இட்ட விருந்து அது.

புண்டரீகாக்ஷர் அதைப் பாகவதர் திருமாளிகையின் ப்ரஸாதமென்று உகந்து உண்டார். பின்னர் செய்தியறிந்த நாதமுனிகள், தம் உறவினர் செய்தது தவறன்று என்று வாதிக்கவில்லை. நீர் பொறுமையுள்ளவர் என்று புகழ்ந்து முடித்துக்கொள்ளவும் இல்லை. எம்மை உய்யக்கொண்டீரோ என்று உருகினார். அதுமுதல் அவர் உய்யக்கொண்டார் ஆனார். பிறர் இழைத்த அவமதிப்பைச் சிஷ்யன் பொறுத்ததால் தாமும் தம் குடும்பமும் பிழைத்ததாக ஓர் ஆசார்யன் சொல்லவேண்டுமானால், தம் வீட்டுக் குறையை அவர் காதுகொடுத்துக் கேட்டிருக்கவேண்டும். நம்மிடம் உபதேசம் பெற வருகிற வேறு நாட்டார், வேறு குலத்தார், வேறு பழக்கத்தார், நம் வீடுகளில் எதை எந்த இலையில் உண்டார்கள் என்று நாம் கேட்டதுண்டா? அவர்கள் உகந்து உண்டார்கள் என்பதனால் நாம் இட்டது ஸரியாகிவிடாது.

உய்யக்கொண்டார் திருவடி பணிந்த மணக்கால்நம்பி, கேட்டலை அடுக்களை வரை கொண்டுபோனார். ஆளவந்தார், யமுனைத்துறைவனாக வாதத்தில் வென்று பாதி ராஜ்யம் பெற்று அரண்மனையில் இருந்த காலம். காவல் கடந்து அவரை அணுக முடியவில்லை. நம்பி அரண்மனை மடைப்பள்ளியாரிடம், அவருக்கு எது பிடிக்கும் என்று விசாரித்தார். தூதுவளைக் கீரை என்று தெரிந்தது. ஆறு மாதம் நாள்தோறும் அந்தக் கீரையைப் பறித்துக் கொடுத்துவந்தார். ஒரு வார்த்தை உபதேசம் இல்லை. பிறகு சில நாள் நிறுத்தினார். இலையில் கீரை இல்லாததைக் கண்டு, ஏன் இல்லை, கொடுத்தவர் யார் என்று ஆளவந்தாரே கேட்டார். நம்பியை வரவழைத்து, உமக்குப் பொன் வேண்டுமா, நிலம் வேண்டுமா என்று வினவினார். வேண்டாம், உம்முடைய பாட்டனார் தேடிவைத்த நிதி என்னிடம் இருக்கிறது, அதை உம்மிடம் சேர்க்கும்வரை தடையின்றி வந்துபோக வழி வேண்டும் என்றார் நம்பி. கீதையின் அர்த்தத்தைச் சொல்லி, இறுதியில் திருவரங்கத்துக்கு அழைத்துச்சென்று பெரியபெருமாளையே நிதியாகக் காட்டினார்.

தூதுவளையில் முள் உண்டு. பறித்தவர்களுக்குத் தெரியும்.

கேட்பவருடைய பாஷையைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். கடலூருக்கு அருகே கெடிலக்கரையில் உள்ள திருவஹீந்த்ரபுரத்தில் ஸ்வாமி தேசிகன் நெடுங்காலம் எழுந்தருளியிருந்தார். தெய்வநாயகன் ஒருவனையே வடமொழியில் தேவநாயக பஞ்சாசத்தாகவும், ப்ராக்ருதத்தில் அச்யுத சதகமாகவும், தமிழில் மும்மணிக்கோவையாகவும் பாடினார். ப்ராக்ருதம் வடமொழி நாடகங்களில் பெண்டிரும் ஏவலரும் பேசும் மொழியாக வைக்கப்பட்டது. அந்த மொழியிலும் ஒரு நூறு பாசுரம் அவ்வெம்பெருமான் திருச்செவிக்கு ஏற்றது. பாதி ஆங்கிலத்தில் வந்த ஒரு கேள்வி அடியேன் செவிக்கு ஏறவில்லை.

அந்த இளைஞரின் தகப்பனாருக்கு நினைவு மங்கும் நோய். மகனை முகத்தால் அறியமாட்டார். பெயர் சொன்னால் வேறு யாரோ என்று கும்பிடுவாராம். தன் பிள்ளை என்று தெரியாமலே ஒரு தகப்பன் பிள்ளையின் குரலைக் கேட்கக்கூடுமா என்பதுதான் அவர் கேட்டது. ஸர்வஜ்ஞத்வம் அவர் மனத்திலேயே இல்லை.

நான்காம் வாரம் அவர் வந்தார். அடியேன் பாசுரத்தைத் தொடங்காமல், திருத்தகப்பனார் எப்படி இருக்கிறார் என்று கேட்டுவிட்டு வாய்மூடி இருந்தேன். வெகுநேரம் சும்மா இருந்தார். பிறகு சொன்னார்: சந்தை நடக்கும்போது தாம் ஒவ்வோர் அடியையும் இருமுறை திருப்பிச் சொல்லுகையில், பக்கத்து அறையில் இருக்கும் அவர் முகத்தை அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொள்கிறாராம். மகன் உள்ளே போய் நின்றால் மட்டும் யாரென்று தெரியவில்லையாம்.

அவர் முடித்தபின், உத்தரகாண்டத்தில் இருப்பதை மட்டும் சொன்னேன். ஸபையில் இருந்தவர்கள், மரவுரியும் சடையும் இல்லாவிட்டால் இவர்கள் இராமனேதான் என்று ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டார்கள். பெருமாளோ முதலில் பாட்டினால் ஈர்க்கப்பட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார். பல நாள் கேட்ட பிறகு, அந்தப் பாட்டின் வழியாகவே அவர்கள் ஸீதையின் மக்கள் என்று அறிந்தார். வால்மீகி பகவான் இவ்வரிசையிலேயே அருளியிருக்கிறார்.

அன்று சந்தையில் எட்டாம் பாசுரம் ஒன்றே நடந்தது. தொடங்கும் முன், பக்கத்து அறைக் கதவு சாத்தியிருந்தால் திறந்துவைக்கும்படி அவரைக் கேட்டுக்கொண்டேன்.